ஒட்டுச் சித்திரமும் வேங்கடத்துத் திருக்கோலமும்

ஓவியம் என்றவுடன் வண்ணக் குழம்பும் தூரிகையும் நம் நினைவில் எழுகின்றன. துணியை வெட்டி ஒட்டுவதும், கண்ணாடிக் கல்லைப் பதிப்பதும், சரிகையை மடித்து வைப்பதும் கைவேலை என்னும் தாழ்ந்த வரிசையில் தள்ளப்பட்டு, பள்ளிச் சிறாருக்கும் பிற்பகல் ஓய்வில் இருக்கும் பெண்டிருக்கும் உரியவை என ஒதுக்கப்படுகின்றன. ஆனால், இதே செயலை 1912ஆம் ஆண்டில் பிக்காசோ செய்தபோது கலையுலகம் அதனைப் பெரும் புதுமை என்று ஏற்றுக்கொண்டது. பிரம்பு நாற்காலியின் பின்னல் அச்சிடப்பட்ட மெழுகுத்துணி ஒன்றை அவர் தம் படத்தில் ஒட்டினார். முட்டை வடிவான அப்படத்தைச் சுற்றி மெய்யான கயிற்றையே சட்டமாக வைத்தார். அதே ஆண்டில் பிராக், மரவரி அச்சிட்ட சுவர்த்தாளை வெட்டித் தம் ஓவியத்தில் சேர்த்தார். கொலாஜ் என வழங்கும் பெயரும் ஒட்டுதலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லினின்று பிறந்ததே. ஒட்டுச் சித்திரத்தின் வரலாற்றை நூல்கள் பலவும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

அத்தொடக்கத்தை நாம் மறுக்க வேண்டியதில்லை; பிக்காசோ எழுப்பிய வினா அவருக்கே உரியது. எனினும், பல பொருள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி ஓர் உருவத்தை எழுப்பும் கலை, அவருக்கு நெடுங்காலம் முன்பே நம் பூசையறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதனை ஓவியம் என்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை. சாமி படம் என்று கும்பிட்டோம், அவ்வளவே.

இக்கலையைப் பற்றிப் பேசுவதற்குத் திருப்பதியும் சித்தூரும் சூழ்ந்த நிலப்பகுதியே தக்க இடம் என்று கருதுகிறேன். தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடவெல்லையாக வேங்கடத்தையே குறிக்கிறது. எல்லை என்பது இரு நிலங்கள் பிரியும் இடம். இரு நிலங்கள் ஒட்டும் இடமும் அதுவே. வடார்க்காடு, கடப்பை மாவட்டங்களிலிருந்து பகுதிகளை எடுத்து இணைத்து 1911இல் அமைக்கப்பட்டதே சித்தூர் மாவட்டம். 1960இல் திருத்தணி அதனின்று பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. வெட்டுவதும் ஒட்டுவதுமாகவே அந்நிலத்தின் வரைபடம் உருவாகியிருக்கிறது. ஒரே தெருவில் தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் மக்கள் அங்கு உள்ளனர். பிழைப்பை நாடி வேற்று நிலங்களில் குடியேறிய நம் குடும்பங்களுக்கு இந்நிலை புதிதன்று.

முதலில் தஞ்சாவூர்ப் பலகைப் படத்தைப் பார்ப்போம். பலாப் பலகை அல்லது தேக்குப் பலகையின்மேல் துணியை ஒட்டி, சுண்ணத் தூளைப் பசையிற் குழைத்துப் பூசி, தேய்த்து வழவழப்பாக்கி, அதன்மேல் உருவத்தை வரைகின்றனர். அணிகலனும் திருவாசியும் வரும் இடங்களில் அதே குழம்பைத் திரட்டி மேடாக்கி, கற்களைப் பதித்து, தங்க ரேக்கை ஒட்டி, இறுதியில்தான் முகத்துக்கும் உடலுக்கும் வண்ணம் தீட்டுகின்றனர். மரம், துணி, சுண்ணம், கண்ணாடி, பொன், வண்ணம் ஆகிய இத்தனையும் ஒரு படத்தில் கூடுகின்றன. தஞ்சை மராட்டியர் காலத்தில் தழைத்த இக்கலையில் கைதேர்ந்தவர்களுள் தெலுங்கு பேசும் ராஜூக்களும் நாயுடுகளும் முதன்மையானவர்கள். விசயநகரப் பேரரசு சாய்ந்தபின் தெற்கே வந்த ஓவியக் குடிகளின் வழியினர் இவர்கள் என்பது வரலாற்றாசிரியர் கருத்து. ஆக, தஞ்சாவூர் என்று பெயர் பூண்ட கலையிலும் குடிபெயர்ந்தோரின் கை இருக்கிறது.

இதே முறையின் ஒரு கிளை திருப்பதியிலும் வளர்ந்தது. மலையேறி வந்த அடியார் ஊருக்கு எடுத்துச் செல்வதற்கென்றே அங்கு உருவங்கள் செய்யப்பட்டன. சுட்ட மண்ணிற் புடைப்பாக அமைத்த வேங்கடவன் உருவத்துக்கு வண்ணம் தீட்டி, பொன்னும் செங்கல்லும் பதித்து, சிறு கோயில் போன்ற மரப் பேழைக்குள் அடக்கி விற்றனர். இது சிற்பமா, ஓவியமா, தச்சுவேலையா என்று கேட்டால் விடை கூற இயலாது. வழிநடைக்கும் வண்டிப் பயணத்துக்கும் ஏற்றவாறு அமைந்த கலை இது. தெய்வம் பெட்டிக்குள் அமர்ந்து பக்தனோடு வீடு சேர்ந்தது. கடல் கடந்து செல்பவர் பெட்டியின் அடியில் சேலைக்கு இடையே சாமி படம் வைப்பதை நாம் அறிவோம்.

இவற்றினும் என் மனத்தை மிகுதியும் கவர்வது வேறொன்று. இரவிவர்மா 1894இல் பம்பாயில் தம் அச்சகத்தை நிறுவினார். 1899இல் அது லோணாவளாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்கு மாறியது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல்லாகப் பல கற்களில் அச்சிட்டு அங்கிருந்து வெளிவந்த இலக்குமியும் சரசுவதியும் நாடெங்கும் பரவினர். அரண்மனைக்கு உரிய எண்ணெய் ஓவியம் எளியோர் கூடத்துக்கும் வந்தது. ஆயின், ஒரே படம் ஆயிரம் வீடுகளில் தொங்கினால் அது எப்படி நம் வீட்டுத் தெய்வமாகும்? தென்னாட்டுப் பெண்கள், குறிப்பாகச் செட்டிநாட்டு இல்லத்தார், இதற்கு ஒரு விடை கண்டனர். அச்சுப் படத்தின்மேல் பட்டுத் துணியை உடல் வளைவுக்கேற்ப வெட்டி ஒட்டினர்; சேலைக் கரைக்குச் சரிகை, மார்பணிக்கு மணி, முடிக்குச் சமிக்கி என ஒவ்வொன்றாகச் சேர்த்தனர். சட்டம் போட்டுக் கண்ணாடி இட்டபோது, அச்சகத்தில் எண்ணற்ற படிகளாகப் பிறந்த இலக்குமி அந்த ஒரு வீட்டுக்கு மட்டுமே உரியவளாகிவிட்டாள்.

இப்படங்களை உற்று நோக்குக. முகத்தின்மேலும் கைகால்களின்மேலும் எதுவும் ஒட்டப்படுவதில்லை. ஆடை திண்மையாக, நிழல் விழும்படி எழுந்து நிற்கிறது. முகமோ தட்டையான தாளில் வண்ணமாகவே இருக்கிறது. இந்த முரண் குறையாகத் தோன்ற வேண்டும். உண்மையில் இதுவே படத்தின் உயிர். தொட்டால் கைக்குப் படும் பட்டுக்கு நடுவே, தொட முடியாத முகம் ஒன்று நம்மை நோக்குகிறது. விளக்கொளி பட்டுச் சரிகை மின்ன மின்ன அம்முகம் மேலும் அமைதி கொள்கிறது. பிக்காசோவின் மெழுகுத்துணி, கண்ணை ஏமாற்றி எது மெய், எது தோற்றம் என்று வினவியது. நம் பெண்களின் பட்டுத்துணி வினவவில்லை, உடுத்தியது. அலங்காரம் என்பது நம் கோயில்களில் ஒரு பணிவிடை. வீட்டுப் படத்தில் அப்பணிவிடை ஒருமுறை செய்யப்பெற்று என்றும் நிலைத்துவிடுகிறது.

இவ்வகைப் படங்கள் யாவும் சிறந்தவை என்று நான் கூறமாட்டேன். சமிக்கியின் பெருக்கத்தில் வரைவின் நயம் அழிந்த படங்களும், ஆடையின் பருமையால் பக்கத்து உருவம் மறைந்துபோன படங்களும் ஏராளம். பக்தியோடு செய்தது என்பதற்காகக் குறை குறையில்லாமற் போகாது. எங்கே நிறுத்துவது என்று அறிந்த கையே கலைஞன் கை. அக்கை பெயர் எழுதாமலே மறைந்துபோயிற்று என்பதுதான் வருத்தம். மூலப்படத்தை அச்சிட்டவர் பெயர் அடியில் இருக்கிறது. உடுத்தியவள் பெயர் எங்கும் இல்லை.

திருமலைக் கருவறையின் திருக்கோலமே இக்கலைக்கு இலக்கணம் எனலாம். கண்களை மறைக்குமளவு சாத்திய திருநாமம், பட்டு, பொன், மலர் என அடுக்கடுக்காக மூடப்பெற்றே நின்ற பெருமாள் காட்சி தருகிறார். கருடசேவைக்கு ஆண்டாள் சூடிய மாலை திருவில்லிபுத்தூரிலிருந்து வருகிறது. திருக்குடைகள் சென்னையிலிருந்து செல்கின்றன. வேறு வேறு ஊர்களின் கைவினை ஒரு திருமேனியில் வந்து பொருந்துகிறது. எவ்வூரது எது என்பதும் மறைவதில்லை.

அதே வட்டாரத்தில் இதற்கு நேர் எதிரான கலை ஒன்றும் உள்ளது என்பதையும் சொல்ல வேண்டும். காளத்தியின் கலம்காரியில் எதுவும் ஒட்டப்படுவதில்லை. யாவும் துணிக்குள் ஊறுகின்றன. கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியைத் தோய்த்து உலர்த்தி, துணி சுற்றிய மூங்கிற் குச்சியால் வரைகின்றனர். துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் ஊறிய நீர் கருமை தருகிறது. படிகாரம் சிவப்பைப் பற்றச் செய்கிறது. ஓடும் நீரில் அலசி அலசியே படம் முழுமை பெறுகிறது. அருகிவந்த இக்கலைக்கு, கமலாதேவி சட்டோபாத்தியாயா போன்றோர் முயற்சியால் 1957இல் அங்கு ஒரு பயிற்சி நிலையம் தோன்றியது. அம்மரபின் குருப்ப செட்டி 2008இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். ஒரே வழிபாட்டு நிலத்தில், மேலே சேர்த்துக்கொண்டே போகும் கலையும் உள்ளே கரைத்துக்கொண்டே போகும் கலையும் அக்கம்பக்கமாக வாழ்ந்தது வியப்புக்குரியது. புலம்பெயர்ந்து வாழ்வோரும் இவ்விரு வழிகளில் ஒன்றையே நாடுகின்றனர் என்பது என் எண்ணம். விரிப்பது வேண்டா.

தற்கால ஓவியத்துக்கு வருவோம். அப்பகுதியின் நாகலாபுரத்தில் வளர்ந்த சீனிவாசுலு, லேபாட்சிச் சுவரோவியத்தின் பெரிய கண்களையும் நாட்டுப்புறப் பொம்மைகளின் எளிமையையும் தம் படங்களில் கூட்டினார். ஒட்டாமலே ஒட்டிய கலை அது. 1966இல் சோழமண்டலம் ஓவியர் சிற்றூர் அமைய வழிகாட்டிய கே.சி.எஸ். பணிக்கர் இன்னும் ஆழச் சென்றார். 1963 முதல் அவர் வரைந்த ‘சொற்களும் சின்னங்களும்’ வரிசையில் சாதகக் கட்டம், கணக்குக் குறி, எழுத்துப் போன்ற வரி, சிறு உருவம் ஆகியவை கிழிந்த ஏட்டுப் பக்கங்கள் போலப் பரவிக் கிடக்கின்றன. அவ்வரிகளை வாசிக்க முடியாது. வாசிக்கத்தக்கவை போல் தோன்றும். அயல்நாட்டில் பிறந்த நம் பிள்ளைகள் பூசையறையின் தமிழ்ப் பஞ்சாங்கத்தை எவ்வாறு பார்க்கின்றனரோ, அவ்வாறே பணிக்கரின் படத்தை நாம் பார்க்கிறோம். எழுத்து அங்கே கோலமாகிவிடுகிறது. அழகுதான், அந்த அழகில் ஓர் இழப்பும் உண்டு. அதனைப் பணிக்கர் அறிந்தே வரைந்தார் என்று அப்படங்கள் எனக்குச் சொல்கின்றன.

இன்று ஆன்மிகமும் நிகழ்கால வாழ்வும் என்ற தலைப்பில் காட்சிக்கு வரும் கலவை ஊடகப் படங்கள் பலவற்றில் இந்த அறிவைக் காணோம். நாளிதழ்த் துண்டு ஒன்று, ஓங்காரம் ஒன்று, புத்தர் தலை ஒன்று, கணினியின் உட்பலகை ஒன்று என ஒட்டி, மேலே காவி வண்ணத்தை வழியவிட்டால் படம் முடிந்தது. ஒட்டப்பட்ட பொருளுக்கு ஒரு முன்வாழ்வு இருக்க வேண்டும். படத்துக்குள் வந்தபின்னும் அது அதனை மறவாதிருக்க வேண்டும். யாரோ உடுத்த பட்டுக்கு அது உண்டு. கடையில் ஓவியப் பொருளாகவே வாங்கிய ஓங்காரத்துக்கு அது இல்லை.

திருப்பதியையே பொருளாகக் கொள்ள விரும்பும் இளம் ஓவியர்க்குக் கருவிப் பொருள் குறைவா? கல்யாணக்கட்டையில் நாள்தோறும் இறக்கப்படும் முடி ஏலத்தில் விற்கப்பட்டு, பொய்முடியாகக் கடல் கடக்கிறது. ஒரு சிற்றூர்த் தாய் நேர்ந்துகொண்டு இறக்கிய கூந்தல், அவள் பெயர்கூட அறியாத நாட்டில் இன்னொருத்தியின் தலையில் ஏறுகிறது. வேண்டுதலும் வணிகமும், உடலும் கடலும் இதில் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. வரிசையில் நின்றவன் கையிலிருந்த சீட்டு, நெய் ஊறிய இலட்டுப் பை, கையிற் கட்டிய கயிறு ஆகிய இவையெல்லாம் வாழ்ந்த பொருள்கள். இவற்றை அஞ்சாமலும் இகழாமலும் எடுத்து ஒட்டுபவனே இரவிவர்மா படத்துக்குப் பட்டுடுத்திய அந்தப் பெயரறியாப் பெண்ணின் மாணாக்கன் ஆவான்.

இறுதியாக, இம்மலரைப் புரட்டும் இல்லத்தார்க்கு ஒரு வேண்டுகோள். பாட்டிமார் வழி வந்த ஒட்டுப் படம் உங்கள் வீட்டில் இருக்கக்கூடும். கோவில்பட்டிக் கொண்டையராஜு வழியில் வந்த சிவகாசி நாட்காட்டிப் படத்துக்குச் சமிக்கி ஒட்டியதாகவும் இருக்கலாம். பழுப்பேறிற்று என்று அதனைக் கழற்றி, நெகிழி மின்னலை ஒட்டிப் புதுப்பிக்க வேண்டா. விளக்குப் புகைக்கும் ஈரச் சுவருக்கும் எட்ட வைத்தாலே போதும். தாளும் பசையும் பூச்சிக்கு விருந்து. ஆண்டுக்கொரு முறை பின்புறத்தைப் பார்த்துக்கொள்க. சட்டம் போடுபவர் முதுகில் வைத்த அட்டைக்கு அடியில் சில வேளை பழைய செய்தித்தாள் ஒன்று இருக்கும். அதில் நாளும் ஊரும் அச்சாகியிருந்தால், அப்படம் எப்போது, எங்கே கண்ணாடிக்குள் புகுந்தது என்பதை அறிந்து ஒரு தாளில் எழுதி அங்கேயே வைத்துவிடுங்கள். ஒட்டியவர் பெயர் நினைவிருப்பவர் இன்னும் வீட்டில் இருப்பாராயின், அதனையும் கேட்டு எழுதுக.