உதிர்ந்த பிட்டுக்கு ஒரு கூலியாள்

மதுரையிலிருந்து மேலூர் போகிற பஸ்ஸில் ஏறி ஒத்தக்கடையில் இறங்கிக் கிழக்கே திரும்பினால் முதலில் திருமோகூர், அதைத் தாண்டித் திருவாதவூர். திருமோகூர்க் காளமேகப் பெருமாளை நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் பாடியிருக்கிறார். உடலை விட்ட உயிர் வைகுந்தம் போகும்போது இவரே வழித்துணை என்பது வைணவர் நம்பிக்கை. திருவாதவூரோ மாணிக்கவாசகரின் ஊர். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தைத் திருப்பெருந்துறைக் கோயிலுக்குச் செலவழித்துவிட்டு வந்த அமைச்சர். அன்பு என்பது வீட்டுக்குப் போகிற பாதையா, அதுவே வீடா? பழைய சண்டை. இந்த ஒரே சாலையில் இரண்டு சமயத்தாரும் அதற்குப் பதில் வைத்திருக்கிறார்கள்.

நூல்கள் படிக்கட்டு கட்டித் தருகின்றன. பாகவதம் கேட்டலில் தொடங்கித் தன்னையே ஒப்படைப்பதுவரை ஒன்பது வகை பக்தி சொல்கிறது. சைவ சித்தாந்தத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு படி. வைணவர்கள் குரங்குக் குட்டியா பூனைக் குட்டியா என்று இரண்டாகப் பிரிந்தார்கள்: தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலை, தாய் கவ்விக்கொள்வாள் என்பது தென்கலை. 84 சூத்திரங்கள் கொண்ட நாரத பக்தி சூத்திரம் மட்டும் பக்திக்கு வேறு பலன் தேடாதே, அதுவே பலன் என்கிறது.

மதுரைக் கதைகளுக்கு மேல்படிகளில் அவ்வளவு நாட்டம் இல்லை. கூட்டுவது, பூப்பறிப்பது, சந்தனம் அரைப்பது என்ற சரியையிலேயே அவை குடியிருக்கின்றன. மூர்த்தி நாயனார் இவ்வூர் வணிகர். சொக்கநாதருக்குத் தினமும் சந்தனக்காப்பு கொடுத்து வந்தவர். நாட்டைப் பிடித்த அரசன் சந்தனக்கட்டை கிடைக்காமல் செய்ததும் முழங்கையைக் கல்லில் வைத்துத் தேய்த்தார் என்கிறது பெரியபுராணம். தோல் தேய்ந்து, நரம்பும் எலும்பும் தேய்ந்தன. வாசிக்கவே உடம்பு கூசுகிறது.

வந்தியின் கதை அப்படிக் கூச வைப்பதில்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 61ஆவது படலம். வைகை உடைத்துக்கொண்டபோது வீட்டுக்கு ஓர் ஆள் கரை அடைக்க வர வேண்டும் என்பது அரசாணை. பிட்டு அவித்து விற்கும் கிழவிக்கு ஆள் ஏது? சொக்கநாதரே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டு மட்டும் கூலியாகப் போதும் என்கிறார். தின்கிறார், ஆடுகிறார், தூங்குகிறார். கடைசியில் பிரம்படி வாங்குகிறார். அந்த அடி எல்லா உயிர் மேலும் விழுந்தது. வந்தி சிவலோகம் போனாள். அவள் கேட்டது ஓர் ஆளைத்தான், முக்தியை அல்ல. ஆவணி மூலத்தன்று ஆரப்பாளையம் புட்டுத்தோப்பில் இன்றும் சுவாமி மண் சுமக்கிறார். அதைப் பார்க்கத் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும் வருகிறார்.

கேட்க மறந்தவர் வரிசையில் பெரியாழ்வாரும் உண்டு. பாண்டியன் சபையில் பொற்கிழி வென்று யானைமேல் வந்தவருக்குக் கூடலில் பெருமாள் காட்சி கொடுக்க, இத்தனை அழகுக்குக் கண்பட்டுவிடுமே என்று பதறி அவருக்கே பல்லாண்டு பாடினார். தாய்க்கு வருகிற கவலை அது. மகள் ஆண்டாள், அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டாள். அந்த நேர்த்தியைப் பிற்காலத்தில் ராமானுஜர் செலுத்த, அவரை அவள் அண்ணா என்றழைத்தாள் என்பது மரபு. தங்கை நேர்ந்ததை அண்ணன் தீர்ப்பது இந்தப் பக்கத்தில் எந்தக் குடும்பத்திலும் நடக்கிற காரியம்.

படிக்கட்டையே தலைகீழாக்கியவர் நடனகோபால நாயகி சுவாமிகள். 1843இல் மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பத்தில் பிறந்தவர். பரமக்குடி நாகலிங்க அடிகளிடம் யோகம் பயின்றார். அதில் தேறிய பிறகு ஆழ்வார்திருநகரி சென்று வடபத்ர அரையரிடம் வைணவம் கொண்டார். அதன்பின் புடவையும் சலங்கையுமாகப் பெருமாளின் நாயகியாகவே தெருவில் ஆடிப் பாடினார், சௌராஷ்டிரத்திலும் தமிழிலும். மூன்றாம் படியிலிருந்து அவர் இறங்கினார் என்று சித்தாந்தி சொல்லக்கூடும். சௌராஷ்டிரர் தெருக்களில் அப்படிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். 1914 வைகுண்ட ஏகாதசியன்று மறைந்தார். பிருந்தாவனம் அழகர்கோயிலை அடுத்த காதக்கிணற்றில்.

ஞானி என்றே பேர்பெற்ற ரமணரும் இக்கணக்கில் வருகிறார். 1896இல் சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில் பதினாறு வயதுப் பையனுக்கு மரண அனுபவம் நேர்ந்தது. அதற்குமுன் அவன் உருகிப் படித்தது பெரியபுராணம். அதன்பின் மாலைதோறும் மீனாட்சி கோயிலுக்குப் போய் அறுபத்துமூவர் முன் கண்ணீர் விட்டு நின்றான். ‘நான்’ யார் என்று தெரிந்துவிட்டவனுக்கு எதற்கு அழுகை? ஞானத்தையும் பக்தியையும் இரண்டாகப் பிரிப்பவர்களுக்கு இது சங்கடமான இடம்.

சித்திரை மாதம், அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள், வண்டியூர்ப் பக்கம் தேனூர் மண்டபத்தில் வெயில் கொளுத்துகிறது. கருடன்மேல் வந்த அழகர், சாபத்தால் தவளையான மண்டூக மகரிஷிக்கு மோட்சம் கொடுக்கிறார். ஒரு நாரையைப் பறக்க விடுகிறார்கள். விசிறிமட்டையும் தண்ணீர்ப் பாட்டிலுமாகக் காத்திருந்த கூட்டம் ஒரு கும்பிடு போடுகிறது. மோட்சம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். யாரும் போகவில்லை. ராமராயர் மண்டபத்தில் ராத்திரி முழுக்கத் தசாவதாரம், முன்னால் இடம் பிடிக்க வேண்டும்.