கடல் வாணிகமும் கூலியும்: நான்கு தமிழ்ப் புனைகதைகள்

கடல் வாணிகம் தமிழிலக்கியத்திற்குப் புதிய பொருளன்று. பட்டினப்பாலை, புகார்த் துறையில் வந்து குவிந்த பொருள்களை நிரல்பட உரைக்கின்றது. சுங்கம் கொள்வோர் பொதிகளின்மேல் புலிச்சின்னம் பொறித்ததனையும், வணிகர் மிகைகொள்ளாது வாழ்ந்ததனையும் பாராட்டுகின்றது. அரசனுக்குரிய வரியும் வணிகனுக்குரிய நேர்மையும் அங்கே இடம்பெற்றன. பொதி சுமந்தவன் பெற்ற கூலி மட்டும் கூறப்படவில்லை. அரசன் பெருமை பாட எழுந்த நூலாதலின், அதனைக் குறையென்று கொள்ளுதல் பொருந்தாது. ஆயின், எளிய மக்களின் வாழ்வையே பொருளாகக் கொண்ட இக்காலப் புனைகதை அவ்வினாவிற்கு விடை கூறியுள்ளதா என்று ஆராய்தல் திறனாய்வாளர் கடமையாகும்.

வறுமையைக் காட்டுதல் வேறு. கூலியைக் காட்டுதல் வேறு. வறுமை ஒரு நிலை. கூலி ஓர் உறவு. உழைப்பவன், உழைப்பிப்பவன், இவ்விருவர்க்கும் அப்பாலிருந்து பொருளை வாங்குபவன் ஆகிய மூவரையும் பிணைப்பது அவ்வுறவு. உலக வாணிகத்தில் அம்மூன்றாமவன் கடலுக்கு அப்பால் இருக்கின்றான். அவன் முகம் தெரிவதில்லை. அவன் தரும் விலையின் விளைவு மட்டும் குடிசைவரை வந்து சேர்கின்றது. இவ்வுறவைத் தமிழ்ப் புனைகதை எவ்வளவு கண்டுள்ளது என்பதனை நான்கு படைப்புகளின் வழியே ஈண்டுக் காண்போம்.

1935-இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’, வாசவன்பட்டியினின்று இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்ற மருதியின் கதை. ஊரில் பண்ணையார், தோட்டத்தில் துரை. இரண்டும் ஒரே கேணியின் இரு படிகளே என ஆசிரியர் உணர்த்தும் திறம் பாராட்டிற்குரியது. பெண்ணின் உடலும் மானமும் அழிந்த வரலாற்றை அவர்போல் அஞ்சாது எழுதினோர் அக்காலத்தில் மிகச் சிலரே. ஆயினும், மருதியின் கூலி அக்கதையை இயக்கும் பொருளாக அமையவில்லை. இலங்கையில் தோட்டத் தொழிலாளர்க்குரிய குறைந்த அளவுக் கூலியை 1927-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. உலகப் பொருளாதாரச் சரிவில் தேயிலை விலை வீழ்ந்தபோது, 1930-களின் தொடக்கத்தில் அக்கூலியே குறைக்கப்பட்டது. 1933-இல் இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் தேயிலை முதலாளிகள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையைத் தாங்க உடன்பட்டனர். விலையைத் தாங்க நாடுகளுக்கிடையே ஓர் ஒப்பந்தம் இயன்றது. கூலியைத் தாங்க அத்தகைய ஒப்பந்தம் எழவில்லை. கதையில் துரை தீயவன். அவன் நல்லவனாயிருந்திருப்பின் மருதியின் மானம் பிழைத்திருக்கலாம். தேயிலை விலை வீழ்ந்த ஆண்டில் அவள் கூலி பிழைத்திராது. தனி மனிதனின் தீமைக்கும் வாணிகத்தின் இயல்புக்கும் உள்ள இவ்வேறுபாட்டை அக்கதை எட்டவில்லை என்பது எம் கருத்து.

அதே தேயிலையை ஆனைமலையில் வைத்துக் காட்டுவது பி.எச். டேனியலின் புதினம். தோட்ட மருத்துவராகப் பணியாற்றிய அவர் 1969-இல் அதனை ஆங்கிலத்தில் வெளியிட்டார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயருடன் 2007-இல் அது தமிழுக்கு வந்தது. தமிழரின் துயரைத் தமிழர் தம் மொழியிற் படிக்க 38 ஆண்டுகள் காத்திருந்தனர்! கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் முன்பணத்தை நம்பி மலையேறுகின்றனர். பேசிய கூலி ஒன்று. பிடித்தங்கள் போகக் கையில் எஞ்சுவது மற்றொன்று. கணக்குத் தீர்க்கும் நாளில் கடன் தீராமல் நிற்கின்றது. கூலி என்பது சொன்ன தொகையன்று, எஞ்சிய தொகையே என்பதனை இப்புதினம் ஐயமற விளக்குகின்றது. கடன்பட்டவன் வேறு வேலை தேடிச் செல்ல இயலாதவன். செல்ல இயலாதவனுக்குச் சந்தைக் கூலி என்று ஒன்றில்லை. உலகச் சந்தையில் மலிவாக விற்ற தேயிலை, தனக்கெனச் சந்தையே இல்லாத உழைப்பால் விளைந்தது என்னும் முரண் இந்நூலின் உயிர்நிலையாகும். மேஸ்திரியின் நிழல் பெரிதாக விழுவதால் கடல்கடந்த வாணிகம் சற்றே மறைகின்றது எனினும், நான்கனுள் கூலியின் கணக்கை நேர்நின்று எழுதியது இதுவே.

தோட்டத்தினின்று தறிக்கு வருவோம். 1953-இல் வெளிவந்த தி.மு.சி. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ அம்பாசமுத்திரத்துக் கைத்தறி நெசவாளரின் வீழ்ச்சியைக் கூறுவது. நூலைப் பதுக்கும் தாதுலிங்க முதலியார் ஒருபுறம். கடனால் நொடித்து உயிர்துறக்கும் கைலாச முதலியார் மறுபுறம். நெசவாளரோடு வணிகரும் வீழ்வதனைக் காட்டியமையால், துன்பம் ஒரு சங்கிலி போல் இறங்கிவருவதனை ஆசிரியர் உணர்ந்தவராகின்றார். ஆனால் அச்சங்கிலி தாதுலிங்கரோடு முடிவதன்று. 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையால் சிந்து, மேற்குப் பஞ்சாப் பருத்தி நிலங்கள் எல்லைக்கு அப்பால் சென்றன. கொரியப் போர்க்காலத்தில் உலகப் பருத்தி விலை உயர்ந்து பின்னர்ச் சரிந்தது. பதுக்குவோன் விலையேற்றத்தைப் பயன்படுத்திக்கொண்டான் என்பது உண்மை; அதனை அவன் ஒருவனே படைத்தான் என்பது உண்மையன்று. இறுதியில் நெசவாளர் திரண்டெழுதல் நெஞ்சைத் தொடுகின்றது. எனினும், அவ்வெழுச்சி எட்டக்கூடிய பகைவனைக் கதை காட்டியதேயன்றி, எட்டாத காரணத்தை அந்த அளவிற்குக் காட்டவில்லை.

எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’ 2004-இல் வந்தது. திருப்பூரின் பனியன் தொழிலோடு வளர்ந்து சிதறும் நண்பர்களின் கதை இது. அந்நகரில் நேற்றைய தொழிலாளி இன்றைய முதலாளியாதல் பலர் கண்ட உண்மை. ஆகவே தீயோன் ஒருவனை நிறுத்திக் கதை சொல்லும் பழைய முறை இங்கே பயன்படவில்லை. ஏற்றுமதி பலர்க்குச் சோறு தந்தது, சிலர்க்குச் செல்வம் தந்தது, எல்லாரிடமிருந்தும் காலத்தைப் பறித்தது. ஆர்டரைக் குறித்த நாளில் அனுப்ப வேண்டும் என்னும் நெருக்கடியே இங்கு ஆண்டையாகின்றது. நூலின் பெயரே காலத்தைக் குறிப்பது நோக்கத்தக்கது. 1984-இல் பஞ்சப்படி வேண்டித் திருப்பூர்த் தொழிலாளர் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது எதிரே நின்றோர் உள்ளூர் முதலாளிகள். 1974 முதல் ஆடை வாணிகத்தை வரையறுத்த நாட்டுவாரிப் பங்கீடு, இப்புதினம் வந்த சில திங்களில், 2005 சனவரி 1-இல் முடிவுற்றது. அதன்பின் திருப்பூர்க்காரியின் கூலி, அவள் கண்டிராத வங்காளதேசத் தையற்காரியின் கூலியோடு முன்னினும் நேராகப் போட்டியிடலாயிற்று. அப்போட்டியின் நிழலை முன்னரே உணர்ந்த புதினம் என இதனைக் கொள்வதில் தவறில்லை.

புதினம் பொருளியல் நூலன்று. விலைப்பட்டியலை அதனிடம் தேடுதல் முறையோ என்று சிலர் வினவலாம். பட்டியலை யாம் வேண்டவில்லை. காரணத்தின் நீளத்தையே வேண்டுகின்றோம். சிலப்பதிகாரம் கோவலன் கொலைக்குப் பொற்கொல்லனோடு நின்றுவிடாமல் அரசனின் ஆராயாமையையும் ஊழையும் காட்டியது. அதனாலேயே அது காப்பியமாயிற்று. காரணம் குறுகின் கதை புலம்பலாகும். சினம் கிட்டியவன்மேல் மட்டும் பாயும்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின்மேல் 50 விழுக்காடு வரி விதித்தபோது, திருப்பூருக்கு வரவேண்டிய ஆர்டர்கள் தயங்கி நின்றன. அங்கே எந்த மேஸ்திரியும் கொடியவனாகவில்லை. எந்த முதலியாரும் நூலைப் பதுக்கவில்லை. இருந்தும் தையல் இயந்திரத்தின்முன் இருந்தவளின் வேலை ஐயத்திற்குள்ளாயிற்று. ‘துன்பக்கேணி’யின் இரக்கமும், ‘எரியும் பனிக்காட்டின்’ கணக்கும், ‘பஞ்சும் பசியும்’ காட்டிய சங்கிலியும், ‘மணல் கடிகை’ உணர்த்திய கால நெருக்கடியும் ஒருங்கே அமைந்த புதினமே அவள் கதையைச் சொல்ல வல்லது. அத்தகைய புதினம் தமிழில் எழுதல் வேண்டும் என்பதே எம் விழைவு.