முத்திரை கண்டெடுத்த படிப்பு

1980இல் ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் அகழ்ந்தபோது, ஓர் எலும்புக்கூட்டின் அருகே பிராமி எழுத்துப் பொறித்த சிறு முத்திரை கிடைத்தது. பல்கலைக்கழகம் தொடங்கி அப்போது ஆறு வருடங்களே ஆகியிருந்தன. வரலாறு படித்து என்ன செய்யப் போகிறாய் என்று பிள்ளைகளைக் கேட்பவர்களுக்கு நான் முதலில் இந்த முத்திரையைத்தான் சொல்வேன்.

இலங்கையில் உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளியைத் தாண்டி வருபவர், முதல் வருடப் பெறுபேறு நன்றாக இருந்தால் வரலாற்றைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். நான்கு வருடம், கட்டணம் இல்லை. கடைசி வருடத்தில் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். அப்போதுதான் பிள்ளை ஊர்க் கோயிலின் பழைய கணக்கேட்டையும் வீட்டுப் பெட்டகத்தில் கிடக்கும் காணி உறுதியையும் ஆதாரமாகப் பார்க்கப் பழகுகிறது. போரில் எத்தனையோ ஆவணங்கள் அழிந்துபோன வடக்கில் இதன் பெறுமதி பெரிது.

தமிழ்நாட்டில் பி.ஏ. வரலாறு மூன்றே ஆண்டு. பாடநூலோடும் செமஸ்டர் தேர்வோடும் பெரும்பாலும் அது கரைந்துவிடுகிறது. ஆனால் பட்டத்துக்குப் பின் அங்கே கதவுகள் அதிகம். சென்னையில் மாநிலத் தொல்லியல் துறையே கல்வெட்டும் அகழாய்வும் கற்பிக்கிறது. 1981இல் தொடங்கிய தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்குத் துறை உண்டு. அரசு வேலைக்கான குரூப் தேர்வு எழுதினாலும் இந்திய, தமிழக வரலாறு பாடத்திட்டத்திலேயே இருக்கிறது, படித்தது கைகொடுக்கும்.

எங்கள் நிர்வாக சேவைப் பரீட்சையோ பெரும்பாலும் நுண்ணறிவு, பொது அறிவு போன்றவற்றைத்தான் சோதிக்கிறது. பலர் ஆசிரியர் நியமனத்துக்கோ அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனத்துக்கோ காத்திருக்கிறார்கள், சில வேளை வருடக்கணக்கில். பழைய எழுத்தைப் பிடித்துப் படிக்கத் தொடங்கிய கண், பிறகு அலுவலகத்தில் விண்ணப்பப் படிவம் சரிபார்க்கிறது. எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான். காலியில் கிடைத்த 1409ஆம் ஆண்டு மும்மொழிக் கல்வெட்டில் தமிழ் இருக்கிறது. பொலன்னறுவையில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. கொழும்பில் தொல்லியலுக்கெனப் பட்டப்பின் படிப்பு நிறுவனம் உண்டு என்றாலும், தமிழ்க் கல்வெட்டுப் பயிற்சிக்கென்றே ஒரு நிலையம் யாழ்ப்பாணத்தில் வேண்டும்.

தமிழ்நாட்டு பி.ஏ.வுக்கு எங்கள் ஆய்வுக் கட்டுரையைக் கேட்பேன். மதுரையில் படிக்கும் ஒரு மாணவி தன் தெருவின் வரலாற்றை இருபது வயதிலேயே எழுதிப் பார்க்கட்டும்.