தருமபுரிக்காரன் பார்வையில் அஜைல்

மென்பொருள் திட்ட மேலாண்மை பற்றின எந்தப் பயிற்சிக்குப் போனாலும் முதல் அஞ்சு நிமிஷத்துல ஒரு அருவி வந்துடும். "இதுதான் வாட்டர்ஃபால், பழசு, உதவாது" என்பார்கள். அடுத்த படத்தில் ஒரு சக்கரம் சுற்றும். "இது அஜைல், புதுசு, நல்லது." ஒகேனக்கல் இருக்கிற மாவட்டத்துக்காரன் என்பதால் அருவியைத் திட்டினால் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். இந்தக் கதை எந்த அளவு உண்மை என்று தேடிப் படித்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை.

முதலில் அருவி. தேவைகளை எழுதி முடி, பிறகு வடிவமை, பிறகு நிரல் எழுது, பிறகு சோதனை செய், கடைசியில் வாடிக்கையாளர் கையில் கொடு. ஒரு படி முடிந்தால்தான் அடுத்தது. தண்ணீர் மாதிரி மேலே திரும்பாது. இதற்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது வின்ஸ்டன் ராய்ஸ் 1970-ல் எழுதிய கட்டுரையை. வேடிக்கை என்னன்னா, அந்தக் கட்டுரையில் 'வாட்டர்ஃபால்' என்ற சொல்லே கிடையாது. படிப்படியாக இறங்கும் படத்தைப் போட்டுவிட்டு, இதை இப்படியே செய்தால் ஆபத்து என்றுதான் ராய்ஸ் எழுதினார். முதலில் ஒரு மாதிரியைச் செய்து பாருங்கள், வாடிக்கையாளரை ஆரம்பத்திலேயே உள்ளே கொண்டு வாருங்கள் என்றும் சொன்னார். படத்தை எடுத்துக்கிட்டாங்க, எச்சரிக்கையை விட்டுட்டாங்க.

சரி, படிப்படியாகச் செய்வது எப்போதுமே தப்பா? எங்க ஊர் உதாரணமே இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறை படியும், நாளாக ஆக எலும்பும் பாதிக்கும். அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-ல் அடிக்கல், 2013-ல் திறப்பு. காவிரியிலிருந்து நீரேற்றி, சுத்திகரித்து, இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டு போகணும். இங்கே என்ன வேண்டும் என்பது முதல் நாளே தெரியும்: நல்ல தண்ணீர். புதைத்த குழாயை ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை தோண்டி இடம் மாற்றவும் முடியாது. இப்படிப்பட்ட வேலைக்கு முழுத் திட்டமும் முன்கூட்டியே வேண்டும்.

ஆக, எந்த முறை புதுசு என்பது கேள்வி இல்லை. என்ன வேண்டும் என்று முன்னாடியே எவ்வளவு தெரியும், நடுவில் மாற்றினால் எவ்வளவு செலவாகும் என்பவைதான் கேள்விகள்.

மென்பொருளில் இரண்டுக்குமே விடை வேறு. பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டிக்குக் கணக்கு மென்பொருள் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். மண்டிக்காரரிடம் "என்ன வேணும்?" என்று கேட்டால் "எடை போடணும், பில் வரணும்" என்பார். ஆறு மாதம் உட்கார்ந்து எல்லாம் செய்து கொண்டு போனால், "அழுகலுக்குக் கழிக்கிறதை எங்க போடறது? விவசாயிக்கு முன்னாடியே கொடுத்த பணத்தை எப்படிப் பிடிக்கிறது?" என்பார். அவர் மறைக்கவில்லை. அவருக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. திரையைப் பார்த்தால்தான் ஞாபகம் வரும். அதனால் ரெண்டே வாரத்தில் எடையும் பில்லும் மட்டும் செய்து கொடுத்துவிட்டு, அவர் அதை வைத்து வியாபாரம் செய்வதைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்யணும். அஜைல் என்பதன் சாரம் இவ்வளவுதான்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு விடுதியில் 17 பேர் கூடி இதை நான்கு விழுமியங்களாகவும், பிறகு 12 கொள்கைகளாகவும் எழுதினார்கள். ஸ்க்ரம் அதற்கு முந்தையது. 1986-ல் டக்கேயுச்சி, நோனகா என்ற இரு ஜப்பானியர்கள் புதுப் பொருட்களை உருவாக்கும் குழுக்களை ரக்பி ஆட்டத்தோடு ஒப்பிட்டு எழுதினார்கள். அந்தப் பெயரை மென்பொருளுக்குக் கொண்டு வந்து 1995-ல் முறையாக முன்வைத்தவர்கள் ஜெஃப் சதர்லாண்டும் கென் ஷ்வேபரும். குறுகிய கால ஸ்பிரின்ட், தினமும் 15 நிமிட ஸ்டாண்ட்-அப், முடிவில் ரெட்ரோ எல்லாம் இதன் உறுப்புகள்.

இனி என் விமர்சனம். இந்த ஏற்பாடு முழுக்க ஒரே ஒரு அதிகாரத்தின் மேல் நிற்கிறது: வேலை செய்கிறவரும் பயன்படுத்துகிறவரும் சேர்ந்து திட்டத்தை மாற்றலாம் என்ற அதிகாரம். நம்ம ஊர்ப் பையன்களும் பெண்களும் ஓசூர் தாண்டி பெங்களூரில் போய்ச் சேருகிற சேவை நிறுவனங்கள் பலவற்றில் அது இல்லை. என்ன செய்யணும், எப்போ முடியணும், எவ்வளவு காசு என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகுதான் குழுவே அமைகிறது. பிறகு மாற்ற என்ன இருக்கு? ஒரே அருவியை ரெண்டு ரெண்டு வாரமாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்பிரின்ட் என்று பெயர் வைப்பதுதான் மிச்சம்.

அதிகாரம் போன இடத்தில் சடங்கு வந்து உட்காருகிறது. நான் பார்த்த ஒரு குழுவில் ஸ்டாண்ட்-அப் முக்கால் மணி நேரம் ஓடும். மேலாளர் எக்செல்லைத் திறந்து வருகைப்பதிவு மாதிரி பேர் கூப்பிடுவார். ஒவ்வொரு ஸ்பிரின்ட்டிலும் வெலாசிட்டி ஏறணும் என்று உத்தரவு வந்தது. வெலாசிட்டி என்பது குழு தன் வேகத்தைத் தானே தெரிந்துகொள்ள வைத்த மதிப்பீடு. அதை இலக்காக்கியதும் 3 புள்ளி வேலைக்கு எல்லோரும் 5 போட ஆரம்பித்தார்கள். வரைபடம் ஏறியது, வேலை ஏறவில்லை. ரெட்ரோவில் யாரும் வாய் திறக்கவில்லை. அப்ரைசல் போடுகிறவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"இது அஜைலின் குற்றமில்லை, நீங்க சரியா செய்யல" என்பது வழக்கமான பதில். பாதி ஒத்துக்கொள்கிறேன். கையெழுத்திட்ட 17 பேரில் ஒருவரான டேவ் தாமஸே 2014-ல் அந்தச் சொல் வியாபாரச் சரக்காகிவிட்டது என்று எழுதி, அதைக் கைவிடச் சொன்னார். ஆனால் மீதிப் பாதி அறிக்கையிலேயே இருக்கிறது. ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து உழைப்பது மேல் என்று அது சொல்கிறது. வாடிக்கையாளர் கடல் கடந்து இருக்கிறார், நடுவில் இரண்டு நிறுவனங்கள், குழுவுக்கும் அவருக்கும் நேரடிப் பேச்சே இல்லை என்றால் யாரோடு சேர்ந்து உழைப்பது? அதற்கு அந்த ஒற்றைப் பக்கத்தில் பதில் இல்லை.

பதில் தேடியவர்கள் உண்டு. அறிக்கையில் கையெழுத்திட்ட இன்னொருவரான மார்ட்டின் ஃபவுலர், தாட்வொர்க்ஸ் நிறுவனம் பெங்களூரில் வேலை தொடங்கிய அனுபவத்தை விரிவாக எழுதியிருக்கிறார். அங்கிருந்து ஆள் இங்கே வந்து தங்கணும், இங்கிருந்து அங்கே போகணும். வடிவமைப்பு அங்கே, நிரல் இங்கே என்று பிரிக்காமல் ஒரு வசதியை முழுசாக ஒரே குழுவிடம் கொடுக்கணும் என்கிறார். அதுக்குச் செலவாகும். ஒட்டும் காகிதமும் பலகையும் மலிவு. எது பரவியது என்று சொல்ல வேண்டியதில்லை.

புதிதாக வேலைக்குச் சேருகிற தம்பி தங்கைகளுக்கு மூன்று கேள்விகள். போன ரெண்டு வாரத்தில் நீங்கள் செய்ததை உண்மையான பயனர் யாராவது தொட்டுப் பார்த்தாரா? அவர் சொன்னதால் திட்டத்திலிருந்து ஏதாவது நீக்கப்பட்டதா? "இது இந்த முறை முடியாது" என்று சொன்னவருக்கு எதுவும் ஆகாமல் இருந்ததா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் நீங்கள் இருப்பது அருவியில்தான். அதை அருவி என்றே சொல்லிவிட்டால், வேலை தொடங்கும் முன் எழுதி வைத்த ஆவணமாவது கையில் இருக்கும்.