கனவும் கடிதமும்

நாமக்கல் நகரிலே, மலைக்கோட்டையின் நிழல் விழும் தொலைவில், ஒரு பள்ளியின் ஆண்டுவிழா. மாணவர்கள் நடித்த நாடகம் கணிதமேதை இராமானுசனைப் பற்றியது. திரை விலகிற்று. தாய் உறங்குகிறாள், ஊதா விளக்கு மெல்ல ஒளிர்கிறது, பட்டாடை புனைந்த சிறுமி ஒருத்தி நாமகிரித் தாயாராகத் தோன்றி, மகனைக் கடல் கடந்து செல்ல விடுமாறு ஆணையிடுகிறாள். கரவொலி கூரையை அதிர வைத்தது. அடுத்த காட்சியில் கப்பல், அதற்கடுத்துப் பட்டம், பிறகு மரணம், திரை விழுந்தது. ஐந்தாண்டு அயல்நாட்டுக் கல்வி ஐந்து நிமிடங்களில் முடிந்தது. கனவுக்கு மட்டும் பத்து நிமிடங்கள்!

நடித்த சிறார்களைக் குறை கூற நமக்கு மனமில்லை. ஏடுகளும் படங்களும் எதைக் கற்பித்தனவோ அதையே அவர்கள் நடித்துக் காட்டினர். நமது திறனாய்வு அந்த ஏடுகளையும் படங்களையும் பற்றியது. தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் வெளிநாடு சென்று கற்ற வரலாறுகளிலே மிகுதியாக எழுதப்பட்டது இராமானுசனின் வரலாறு. அவ்வரலாற்றில் எதை முன்னே நிறுத்துகிறோம், எதைப் பின்னே தள்ளுகிறோம் என்பது, இன்று விமானம் ஏறும் மாணவனுக்கு நாம் கற்பிக்கும் பாடமாகிவிடுகிறது. ஆகவேதான் கேட்கிறோம்: அந்த வாழ்வில் நாம் போற்ற வேண்டியது கனவையா, கடிதத்தையா?

எந்தக் கடிதம் என்பீர்கள். வருகிறோம்.

முதலில் கனவை எடுத்துக் கொள்வோம். இராமானுசன் 1887 திசம்பர் 22-ஆம் நாள், காவிரிக்கரை ஈரோட்டிலே, தாய்வழிப் பாட்டியின் இல்லத்தில் பிறந்தார். அக்குடும்பத்தின் வழிபடு தெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். 1913-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டி அழைத்தபோது, கடல் கடப்பது குலத்துக்கு அடாது என்பதால் செல்ல மறுத்தார். 1914 தொடக்கத்தில், சென்னையில் சொற்பொழிவாற்ற வந்த நெவில் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர் மீண்டும் கேட்டபோது இசைந்தார். இடையில் நடந்தது என்ன? பழைய வரலாற்றுக் குறிப்பு ஒன்று, ஐரோப்பியர் நடுவே தன் மகன் வீற்றிருப்பதைத் தாய் கனவில் கண்டாள், தடுக்காதே எனத் தேவி பணித்தாள் என்கிறது. மற்றொரு மரபோ, இராமானுசனே நாமக்கல் சென்று கோயிலில் மூன்று இரவுகள் தங்கி உத்தரவு பெற்றார் என்கிறது. 1991-இல் விரிவான வாழ்க்கை வரலாறு எழுதிய இராபர்ட் கானிகல் இரண்டையும் எடுத்துரைக்கிறார். இவற்றிலே கனவு கண்டவர் தாயா, மகனா? நிகழ்ந்த இடம் வீடா, கோயிலா? ஓர் இசைவுக்கு இரண்டு கனவுகள் எதற்கு?

கனவு பொய் என்று வாதிட நாம் வரவில்லை. இராமானுசன் பக்தர், அதை மறைப்பதும் ஒருவகைப் பொய்யே. சூத்திரங்களைத் தேவி கனவில் அருளியதாக அவர் கூறுவதுண்டு என்று, 1927-இல் வெளிவந்த அவருடைய ஆய்வுத் திரட்டின் முகப்பில் சேசு ஐயரும் இராமச்சந்திர ராவும் எழுதி வைத்துள்ளனர். ஆனால் எல்லாச் சமயங்களும் ஏறக்குறைய ஒரே அளவு உண்மையே என்று அவர் தம்மிடம் சொன்னதாக ஹார்டியும் எழுதியிருக்கிறார். முன்னது திரையரங்குக்குப் போயிற்று. பின்னது நூலகத்திலேயே தங்கிவிட்டது. 2014-இல் வந்த தமிழ்ப் படமும் 2015-இல் வந்த ஆங்கிலப் படமும் அவர் வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்தன, நன்று. ஆயினும் தெய்வம் நாவில் வைத்த கணக்கு என்ற பேச்சுத்தான் மக்கள் நெஞ்சில் நிலைத்தது; பலகையில் தேய்ந்த கை நிலைக்கவில்லை.

அது என்ன பலகை? சொல்கிறோம். இராமானுசனின் தந்தை கும்பகோணத்துத் துணிக்கடை ஒன்றில் கணக்கர். தாள் வாங்கப் பணம் இல்லை. எனவே கற்பலகையிலே கணக்கை எழுதுவார், முழங்கையால் அழிப்பார், மீண்டும் எழுதுவார், இறுதியில் முடிவை மட்டும் குறிப்பேட்டில் பதிப்பார். வழி அழிந்துவிட்டது, முடிவு மட்டும் நின்றது. வழி தெரியாத முடிவைக் கண்டவர்கள், வானிலிருந்து வந்ததென்றனர். ஏழ்மை அழித்த இடத்தை அற்புதம் நிரப்பிக் கொண்டது! இவ்வளவு எளிய செய்தியை ஒரு நாடகமேனும் காட்டியிருந்தால், காகிதம் இல்லாத பிள்ளைக்கும் கணிதம் உண்டு என்ற நம்பிக்கை பிறந்திருக்குமே!

இனி, கப்பலுக்கு வழி திறந்தவர் யார் என்று பார்ப்போம். அவர் பட்டம் பெறாதவர். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தவறி, உதவித்தொகையை இழந்தவர். பச்சையப்பன் கல்லூரியில் பயின்றும் எப்.ஏ. தேர்வில் தேறாதவர். 1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தர். அத்தகையவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1913-இல் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. மறு ஆண்டு, இங்கிலாந்தில் தங்கிக் கற்க ஆண்டுக்கு 250 பவுன் வீதம் இரண்டாண்டுக்கு ஒப்பியது. பின்னர் அது நீட்டிக்கப்பட்டது. அதில் 50 பவுன் குடும்பத்துக்குப் போயிற்று. டிரினிட்டி கல்லூரி ஆண்டுக்கு 60 பவுன் சேர்த்தது. 17-3-1914 அன்று ‘நெவாசா’ என்னும் கப்பல் சென்னையை விட்டுப் புறப்பட்டது. பட்டமில்லாதவனுக்குப் பொதுப் பணத்தைத் துணிந்து கொடுத்த அந்த முடிவன்றோ வரலாற்றின் திருப்பம்? கனவு வந்தும் காசு வராதிருந்தால், கப்பல் அசைந்திருக்குமா?

அங்கே அவர் பட்ட பாட்டையாவது நம் ஏடுகள் எடுத்துரைக்கின்றனவா? 1967-இல் எஸ். ஆர். அரங்கநாதன் எழுதிய நூலிலே ஓர் எளிய நிகழ்ச்சி உண்டு. கேம்பிரிட்ஜில் உடன் பயின்ற மகலனோபிசு, குளிரில் நடுங்கிய இராமானுசனின் அறைக்குச் சென்று பார்க்கிறார். மெத்தைமேல் கம்பளிகள் ஒழுங்காக மடித்துச் செருகப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது தெரியாமல், அவர் மேலேயே படுத்துக் குளிரில் வாடியிருக்கிறார்! எண்களின் உள்ளே நுழைந்தவருக்குக் கம்பளியின் உள்ளே நுழையச் சொல்லித் தர ஒருவர் தேவைப்பட்டார். புதிய நாட்டில் முதலாண்டு வாழும் எந்த மாணவனும் இதைப் படித்தால் நகைப்பான்; மறுகணம் கண் கலங்குவான்.

அவர் இலண்டன் சேர்ந்த நான்காம் திங்களில் உலகப் போர் மூண்டது. புலால் உண்ணாதவர், தாமே சமைத்து உண்டவர், போர்க்காலத்தில் காய்கறிக்கும் தட்டுப்பாடு. பத்து வயதில் மணம் முடிக்கப்பட்ட துணைவி சானகி இந்தியாவில் இருந்தார். 1917-இல் நோய் கண்டது; மருத்துவ இல்லங்கள் பல மாறினார். 1918-இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டில், தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொள்ளவும் முயன்றார். புகழும் தனிமையும் ஓராண்டிலேயே உச்சம் தொட்டன. நம் நாடகங்கள் முதலதைக் கொண்டாடுகின்றன, இரண்டாவதை ஒளிக்கின்றன. அயல்நாட்டில் தனித்து வாடும் மாணவனுக்கு, மேதையும் வாடினான் என்ற உண்மை ஆறுதல் அல்லவா?

1919-இல் திரும்பினார், 26-4-1920 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் மறைந்தார். வயது 32. இங்கேதான் கனவுக் கதை தானே இடிந்து விழுகிறது. கடல் கடந்த தீட்டைக் கழிக்க அவரை இராமேசுவரம் அழைத்துச் செல்லத் தாய் எண்ணியிருந்தார், நோய் இடங்கொடுக்கவில்லை. தீட்டுக் கழியாதவர் என்று வைதிக உறவினர் பலர் இறுதிச் சடங்குக்கு வரவில்லை என எழுதுகிறார் கானிகல். தேவியே இசைவு தந்தாள் என்றால், அந்த இசைவை உறவினர் ஏன் ஏற்கவில்லை? தெய்வத்தின் உத்தரவைவிடச் சாதியின் உத்தரவு பெரிதா? கனவைப் பாடும் வாய்கள் இந்த வெற்றுச் சுடுகாட்டைப் பற்றி வாய் திறவாதது ஏன்? கடாரம் வரை கலஞ்செலுத்திய சோழர் வாழ்ந்த மண்ணிலே, கடல் எப்போது தீட்டாயிற்று?

அதே ஆண்டுகளில் இன்னொரு மாணவரும் கடல் கடந்தார். 1913-இல், பரோடா மன்னரின் உதவித்தொகையோடு, அண்ணல் அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் சேர்ந்தார். அங்கும் இலண்டனிலும் கற்றுத் திரும்பி, வாக்களித்தபடி பரோடாவில் பணி ஏற்கச் சென்றார். தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரோடு மறைந்து தங்கினார். சில நாள்களில் தடியேந்திய கூட்டம் வெளியேற்றிற்று. ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ எனப் பொருள்படும் தன்வரலாற்றுக் குறிப்பில் அவர் இதை எழுதியுள்ளார். வெளிநாட்டுக் கல்வி பற்றிய எழுத்துகளிலே அதற்கு உயர்ந்த இடம் தருவோம் நாம். ஏனெனில், மற்றவர்கள் பயணத்தை எழுதினர். அவர் திரும்பி வருதலை எழுதினார். அயல்நாடு தமக்குக் கற்பித்தது என்ன என்பதைத் தாய்நாடு மறக்கச் சொன்ன நாளில்தான் அவர் முழுமையாக உணர்ந்தார்.

இருவரையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். ஒருவரின் தீட்டு கடலால் வந்தது என்றார்கள். இராமேசுவரத்து நீரால் அதைக் கழுவ வழி வைத்திருந்தார்கள். மற்றவரின் தீட்டு பிறப்போடு வந்தது என்றார்கள். அதைக் கழுவ எந்த நீரையும் வைக்கவில்லை. இந்த வேற்றுமையைச் சொல்லாத வரலாறு, எவ்வளவு தடித்த நூலாயினும், பாதி வரலாறே.

நமது சமவெளியிலேயே மூன்றாவது வகையும் உண்டு. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்துச் சமீன்தார் சுப்பராயன் ஆக்சுபோர்டில் பயின்றார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாண முதலமைச்சராக விளங்கினார். அவர் மகன் மோகன் ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் கற்று, 1938-இல் கேம்பிரிட்ஜ் மாணவர் மன்றத் தலைவரானார். மகள் பார்வதியும் ஆக்சுபோர்டு சென்றார். அவ்வீட்டில் எவரும் கனவு கண்டதாகக் கதை இல்லை. கனவுக்குத் தேவை ஏது? நிலம் இசைவு தந்தது. அந்நிலத்தில் உழுதவர் வீட்டுப் பிள்ளைக்கு எது இசைவு தந்தது?

இன்று அதற்கு விடை சொல்ல முயலும் திட்டங்கள் உள்ளன. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர் வெளிநாட்டில் உயர்கல்வி பெற ஆண்டுக்கு 36 இலட்சம் ரூபாய் வரை வழங்கத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் பெயரிலான திட்டம் வகை செய்தது. நடுவணரசின் அயல்நாட்டு உதவித்தொகை 1954-55 முதல் உள்ளது. ஆனால் 2022-இல் வந்த அதன் விதிமுறை, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு அத்தொகை கிடையாது என்றது. அதாவது, கடலைக் கடக்கலாம். ஆனால் கரையில் ஏன் ஒதுக்கப்பட்டாய் என்று மட்டும் ஆராயக் கூடாது! அந்நாளின் தடை கால்களுக்கு. இந்நாளின் தடை கேள்விக்கு.

இன்னொன்றும் உண்டு. நாமக்கல், இராசிபுரம் வட்டாரம் மதிப்பெண்ணுக்குப் பேர் போனது. விடுதியில் வைத்து, விடியுமுன் எழுப்பி, தேர்வுக்கென்றே பிள்ளைகளைப் பழக்கும் பள்ளிகளை நாடி, பல மாவட்டப் பெற்றோர் வந்தனர். அப்பள்ளி மேடைகளில் இராமானுசன் படம் தொங்குகிறது. ஒரு பாடத்தில் உலகை வென்று மற்றவற்றில் தோற்ற அப்பிள்ளை இன்று அங்கே பயின்றால், எத்தனை நாள் இடம் தருவார்கள்? இளமையில் இறந்ததைவிட, பதினெட்டு வயது முதல் இருபத்தைந்து வரை நெகிழ்வற்ற கல்விமுறை அவர் ஆற்றலை வீணாக்கியதே பெருந்துயரம் என்று ஹார்டி கருதினார். படத்துக்கு மாலையிடுவோர் இதை மனத்தில் இடுவாரா?

இனி, கடிதம். 1919 சனவரி 11. நோயுற்ற இராமானுசன் இங்கிலாந்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதுகிறார். நாடு திரும்பியபின் ஆண்டுக்கு 250 பவுன் வீதம் தருவதாகப் பல்கலைக்கழகம் முடிவு செய்திருந்தது. நன்றி கூறிவிட்டு, அத்தொகை தம் தேவைக்கு மிகுதி என்கிறார். பெற்றோருக்கு 50 பவுன் போக, தம் செலவும் போக, எஞ்சியதை ஏழைச் சிறுவர்க்கும் ஆதரவற்றோர்க்கும் பள்ளிக் கட்டணம் குறைக்கவும் பள்ளிகளுக்கு நூல்கள் வாங்கவும் செலவிடக் கேட்டுக் கொள்கிறார்.

தாளில்லாமல் பலகையில் எழுதிய பிள்ளை, நூலில்லாத பிள்ளைகளை நினைத்து எழுதிய கடிதம் அது. ஐந்தாண்டு அயல்நாட்டுக் கல்வியின் விளைவு என்ன என்று கேட்பவருக்கு, அவருடைய தேற்றங்களுக்கு அடுத்தபடியாக நாம் காட்டக் கூடிய சான்று இதுவே. இதில் ஊதா விளக்கு இல்லை, பட்டாடை இல்லை, ஆனால் நெஞ்சம் இருக்கிறது.

நாமக்கல் ஆசிரியப் பெருமக்களே! அடுத்த ஆண்டுவிழாவில் அக்கடிதத்தை ஒரு மாணவி மேடையில் படிக்கட்டும். கரவொலி சற்றுக் குறையலாம். கூட்டத்தின் கடைசி வரிசையில், கட்டணம் கட்ட வழியின்றி நிற்கும் ஒரு பிள்ளை மட்டும் நிமிர்ந்து பார்க்கும். அந்தப் பார்வைக்காகத்தான் அவர் அதை எழுதினார்.