சோபாவும் திரையும் ஒலியைத் திருத்துமா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் இப்போது கட்டப்படும் வீடுகள் பலவற்றில் கூடம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்: தரையில் டைல்ஸ், மேலே கான்கிரீட் தளம், சுற்றிலும் பட்டி பார்த்த வழவழப்பான சுவர், வசதியுள்ள வீடென்றால் தோல் சோபா. அங்கே இளையராஜா பாட்டையோ உருது கஜலையோ போட்டால், எவ்வளவு நல்ல ஸ்பீக்கரானாலும் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். விரிப்பு, திரை, மெத்தையால் இதைத் தீர்த்துவிடலாம் என்று இசைப் பிரியர்கள் நம்புகிறார்கள். அது பாதி உண்மை.

அந்தப் பாதிக்கு வலுவான ஆதாரம் உண்டு. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக விரிவுரைக்கூடம் ஒன்றில் பேச்சே புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து பரப்பி அளந்தார். மெத்தை கூடக்கூட எதிர்முழக்கம் குறைந்தது. திறந்த சன்னலை முழு உறிஞ்சியாகக் கொண்டு அவர் வகுத்த கணக்கு இன்றும் நிற்கிறது. அதன்படி 15 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரமுள்ள வெற்று அறையில் முழக்கம் அடங்க 3 விநாடிகூட ஆகலாம். அதை 0.4 விநாடிக்குக் கொண்டுவர, சுமார் 20 சதுர மீட்டர் திறந்த சன்னலுக்கு ஈடான உறிஞ்சுதல் வேண்டும். நடுக்கூடத்தில் விரித்த ஒற்றைப் பவானி ஜமக்காளம் எந்த மூலைக்கு?

குறை இங்கேதான் தொடங்குகிறது. மெல்லிய துணி உயர் சுருதிகளை மட்டுமே உறிஞ்சும். 100 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் சுமார் மூன்றரை மீட்டர். சுவரோடு ஒட்டிய திரை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 15 அடி நீளமுள்ள அந்த அறையோ 38 ஹெர்ட்ஸ் அருகே தானாகவே முழங்கும். பேஸ் கிதாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். ஆகவே மெல்லிய துணியை மேலும் மேலும் தொங்கவிட்டால் குரலின் பளிச்சிடல் மங்கும், அடியொலி மட்டும் குமுறும். முட்டை அட்டையை ஒட்டுவதும் இதே கதை. நெடுஞ்சாலை ஹாரனையும் திரை தடுக்காது. அதற்குக் கனமான சுவரும் இடைவெளியில்லாத சன்னலும் வேண்டும்.

நம் வட்டாரத்தின் பெருமையான தோலையும் நேர்மையாக எடைபோட வேண்டும். பூச்சிட்ட தோலில் காற்று புகாது; அதனால் உயர் சுருதி பெரிதும் திரும்பிவிடும். ஆனால் உள்ளே தடித்த மெத்தை இருந்தால் தோல் அதிர்ந்து, இடைக்கீழ் ஒலியில் ஒரு பங்கை விழுங்கும். துணி விடுவதைத் தோல் பிடிக்கும், தோல் விடுவதைத் துணி பிடிக்கும். இரண்டும் சேர்ந்திருப்பதே நல்லது.

வேலூர் வெயிலுக்கும் தூசிக்கும் கம்பளிக் கம்பளம் ஒத்துவராது. துணி உறையிட்ட தடித்த இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். ஸ்பீக்கரின் ஒலி முதலில் பட்டுத் திரும்பும் இடமே அதற்கு உரிய இடம். பின்சுவரில் புத்தக அலமாரி ஒலியைச் சிதறடிக்கும். அடியொலிக் குமுறலுக்கு ஸ்பீக்கரையும் இருக்கையையும் மூலையிலிருந்து நகர்த்திப் பாருங்கள். அதற்குக் காசே ஆகாது. புது ஸ்பீக்கருக்குப் பணம் ஒதுக்குமுன் இவற்றைச் செய்யுங்கள்.