இரண்டே ஒப்பீடுகள்

ஒரு மாதத்தின் நிகழ்ச்சிகளை டேட்டாபேஸிலிருந்து எடுக்கச் சொன்னால், பலர் நான்கு நிபந்தனைகள் எழுதுவார்கள். மாதத்துக்குள் தொடங்குவது, மாதத்துக்குள் முடிவது, முழுக்க உள்ளே அடங்குவது, மாதத்தையே விழுங்கி இருபுறமும் நீள்வது. நான்கையும் ‘ஆர்’ போட்டுச் சேர்த்தால் விடை சரியாகவே வரும். ஆனால் படிக்கக் கண் கூசும்.

தேர்ந்த கை வேறு மாதிரி எழுதும்: நிகழ்ச்சியின் தொடக்கம் மாத முடிவுக்கு முன், நிகழ்ச்சியின் முடிவு மாதத் தொடக்கத்துக்குப் பின். அவ்வளவுதான். இரு கால அளவுகளுக்கு இடையே 13 உறவுகள் உண்டு என்று 1983-ல் கணினி அறிஞர் ஜேம்ஸ் ஆலன் வகுத்தார். விலகி நிற்பதும் விளிம்பில் ஒட்டி நிற்பதுமான நான்கைத் தள்ளிவிட்டு, மற்ற ஒன்பதையும் இந்த இரண்டே ஒப்பீடுகள் அள்ளி வருகின்றன. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இதில் சலிப்பதே இல்லை.

இதன் முழு அருமை வளைகுடாவில் தெரியும். இங்கே வாரவிடுமுறையே நிலையானதில்லை. அமீரகத்தில் வியாழன், வெள்ளி என்றிருந்தது 2006-ல் வெள்ளி, சனி ஆனது. 2022 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறு. வெள்ளி அரைநாள் வேலை. ஷார்ஜா அரசு அலுவலகங்களுக்கோ வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றுமே விடுமுறை. சவுதி 2013-ல்தான் வெள்ளி, சனிக்கு வந்தது. கிழமையை நிரலுக்குள் எழுதி வைத்தவர்கள் ஒவ்வொரு முறையும் நிரலைத் திருத்த வேண்டியதுதான்.

விடுமுறை விதியைத் தனி டேபிளில் வைப்பதே அழகு: இடம், விடுமுறைக் கிழமைகள், எந்தத் தேதி முதல், எந்தத் தேதிக்கு முன்வரை. இப்போது விடுமுறை விதியும் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு நிகழ்ச்சியே. அதே இரண்டு ஒப்பீடுகள் அதையும் எடுத்துத் தரும். துபாய்க்கான பழைய வரிசை 2022 ஜனவரி 1-ல் முடிகிறது, புதியது அதே நாளில் தொடங்குகிறது. ஜனவரி மாதத்தைக் கேட்டால் புதியது மட்டும் வரும். டிசம்பர் 15 முதல் ஜனவரி 15 வரை கேட்டால் இரண்டும் வரும். ‘சமம்’ குறியைச் சேர்க்காத கண்டிப்புதான் இந்தத் துல்லியத்தைத் தருகிறது.

நடப்பு விதிக்கு முடிவுத் தேதி கிடையாதே? அங்கே ‘நல்’ என்று மதிப்பில்லாமல் விட்டால் ஒப்பீடு உண்மையாகாது, வரிசை சத்தமில்லாமல் காணாமல் போகும். போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸ் அந்த இடத்தில் ‘முடிவிலி’யையே ஒரு தேதியாக ஏற்கிறது. 2012-ல் வந்த 9.2 பதிப்பிலிருந்து கால அளவே அதில் தனி டேட்டா வகை. ஒரே இடத்துக்கு ஒரே காலத்தில் இரண்டு விதிகளைப் பதிய முயன்றால் டேபிளே மறுத்துவிடும்படி செய்யலாம்.